‘குட்டிதானே கடிச்சுது!’ - இந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பாதீங்க

கல்லங்குறிச்சி தேர்த் திருவிழாவுக்காக சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு புது ஆள் படுத்திருந்தது. டீக்கடைக்குப் பின்னால் தெரு நாய் போட்ட குட்டிகளில் ஒன்று. ஒன்றரை மாதம்தான் இருக்கும். ஒன்பது வயதான சித்தப்பா மகள் தூக்கி வந்து ‘மணி’ என்று பெயரும் வைத்துவிட்டாள்.

வீட்டில் அத்தனை பேர் காலிலும் சிவப்புக் கீறல். கொலுசு சத்தம் கேட்டால் கடி. லுங்கி நுனி ஆடினால் கடி. கோலம் போடக் குனிந்தால் பின்னல் நுனியில் ஒரு தொங்கல். எல்லோரும் சிரித்துக்கொண்டே உதறிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சின்னவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஊசி குத்தியது போல ஒரே ஒரு புள்ளி, அதில் ஒரு துளி ரத்தம். அப்பாயி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை எடுத்தார். “குட்டிதானே கடிச்சுது, பால் பல்லுல ஏது விஷம்? இதைத் தடவு, சரியாப்போயிடும்.” இன்னொரு பக்கம் சித்தப்பா செய்தித்தாளைச் சுருட்டி மணியின் மூக்கில் ஒரு போடு போட்டார்.

அந்த இரண்டு நிமிடத்தில் நடந்த இரண்டுமே தப்பு. இது அந்த வீட்டுத் தப்பு மட்டும் இல்லை. நாய்க்குட்டி வளர்க்கும் பெரும்பாலான நம் வீடுகளில் இதுதான் நடக்கிறது. குட்டி ஏன் கடிக்கிறது என்கிற விஷயத்தில் தேவையில்லாமல் கோபப்படுகிறோம். கடித்த இடத்தை என்ன செய்வது என்கிற விஷயத்தில் தேவையான பயம்கூட இல்லாமல் இருக்கிறோம். என் பார்வையில் இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

பால் பல்லில் விஷம் இல்லை, எச்சிலில் இருக்கலாம்

அப்பாயி சொன்னதில் பாதி உண்மை. பல்லில் விஷம் கிடையாதுதான். ரேபிஸ் என்பது வைரஸ். அது எச்சிலில் இருக்கும், பல் வெறும் ஊசி. அந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய நாயின் பல்லைவிட குட்டியின் பால் பல்தான் கூர்மையான ஊசி.

குட்டிக்கு ரேபிஸ் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். வெறி பிடித்த நாய் ஒன்று அந்தக் குட்டியை ஒருமுறை கவ்வியிருந்தால் போதும். தெருவில் பிறந்த குட்டிக்கு நாம் தூக்கி வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. ரேபிஸ் வந்த குட்டி வாயில் நுரை தள்ளிக்கொண்டு ஓடும் என்பதும் கட்டாயம் இல்லை. சாப்பிடாமல், சுருண்டு, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வகையும் உண்டு. பார்க்கிறவர்கள் ‘பாவம், உடம்பு சரியில்லை’ என்று மடியில் வைத்துக் கொஞ்சுவார்கள்.

2025 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷெகர் மாவட்டத்தில் 22 வயது கபடி வீரர் ஒருவர் ரேபிஸால் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். சாக்கடையில் விழுந்த ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றப் போன இடத்தில் அது அவர் கையைக் கடித்திருக்கிறது. சின்னக் கடிதானே என்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. சுமார் இரண்டு மாதம் கழித்து கை வலித்தபோது, விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்திருக்கிறார். அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் ரேபிஸுக்கு மருந்து இல்லை. அவர் கடைசி நேரத்தில் படும் வேதனை ஒரு வீடியோவாக எல்லோருடைய போனிலும் சுற்றியது. அந்த வீடியோ வந்த அளவுக்கு ‘கடித்ததே ஒரு குட்டிதான்’ என்ற தகவல் வரவில்லை என்பது என் வருத்தம்.

ஐசிஎம்ஆர் 15 மாநிலங்களில் நடத்திய ஆய்வு 2025 தொடக்கத்தில் வெளியானது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், சுமார் 5,700 ரேபிஸ் மரணங்கள் என்பது அதன் மதிப்பீடு. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

சுண்ணாம்பு இல்லை, சோப்பு

கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே கிடையாது. ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளுக்கு அரியலூரில் இருந்து போவது அந்தக் கல்தான். புவியியல்காரர்கள் இந்த ஊர் பெயரிலேயே ஒரு பாறைப் படிவத்தை வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டு பழைய சிப்பி ஓடுகள் அதில் கிடைக்கின்றன. ஊருக்குப் பெருமைதான். ஆனால் நாய் கடித்த காயத்தில் அந்தச் சுண்ணாம்புக்கு எந்த வேலையும் இல்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய், காபித்தூள் எதற்கும் இல்லை. காயத்தை எரியவைப்பதோடு, நாம் முதலில் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட வைப்பதுதான் இவை செய்யும் காரியம்.

முதல் வேலை, குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. ரேபிஸ் வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும். 15 நிமிடம் என்பது கேட்பதைவிட ரொம்ப நீளம். நான் போனில் டைமர் வைத்துத்தான் சின்னவள் கையைக் குழாயடியில் பிடித்திருந்தேன். ஐந்தாவது நிமிடத்திலேயே அவளுக்கும் எனக்கும் சண்டை.

அடுத்தது மருத்துவமனை. தோல் மேல் பல் பட்டு, ரத்தம் வராத கீறல் என்றால் அது மருத்துவர்கள் சொல்லும் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, காயத்திலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். கடியின் அளவை வைத்து இந்த வகை பிரிப்பதில்லை. குட்டி போட்ட ஒற்றைப் புள்ளி, ஒரு துளி ரத்தம், அதுவும் மூன்றாம் வகைதான். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

“பத்து நாள் பார்ப்போம், குட்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஊசி எதுக்கு?” என்று சித்தப்பா கேட்டார். அந்தப் பத்து நாள் கணக்கு உண்மையிலேயே மருத்துவத்தில் இருப்பதுதான். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். ஆனால் பார்த்துவிட்டு ஊசி போடுவது இல்லை, ஊசியை ஆரம்பித்துவிட்டுப் பார்ப்பது. மிச்ச ஊசி தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம் அந்த ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’. அப்பாயி பயந்ததே இதற்குத்தான். அவர் காலத்தில் அது நிஜம். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய, ஆட்டு மூளையில் இருந்து தயாரிக்கும் தடுப்பூசி அது. 1907-ல் தொடங்கிய நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். 2000-களின் நடுவில் அதை நாடு முழுக்க நிறுத்தியாச்சு. இப்போது கையில் போடுகிற ஊசிதான். தோலுக்குள்ளேயே போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என நான்கு தடவை போனால் போதும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சின்னவளுக்கு அரியலூரில் முதல் ஊசி போட்டாச்சு. கையில் போட்டதற்கு அழவில்லை, விரலில் போட்டதற்கு ஊரையே கூட்டினாள்.

சரி, மணி ஏன் கடிக்குது?

நாய்க்குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருள் என்ன, மெத்தென்று இருக்கா, ஓடுமா, கத்துமா என்று வாயால்தான் பார்க்கும். அது குறும்போ வெறியோ இல்லை.

இதோடு பல் வேறு. மூன்றாவது வாரத்தில் முளைக்க ஆரம்பிக்கும் பால் பற்கள் மொத்தம் 28. கிட்டத்தட்ட நான்காவது மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஈறு நமைச்சல் தாங்காமல் செருப்பு, சார்ஜர் ஒயர், கட்டில் கால் என்று எதையும் விடாது. கடித்த துணியில் லேசாக ரத்தக் கறை தெரிந்தால் பதற வேண்டாம். பல் விழுந்திருக்கும், பாதி நேரம் அதை முழுங்கியும் இருக்கும். பழைய கோரைப் பல் விழாமல் அதன் பக்கத்திலேயே புதுசு முளைத்து நின்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அம்மாவும் கூடப்பிறந்ததுகளும் சொல்லித்தரும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது ‘கீச்’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். இப்படி நூறு தடவை நடந்துதான் வாய்க்கு அளவு பழகும். நாம் என்ன செய்கிறோம்? முப்பது நாளிலேயே, கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் கூடையில் போட்டுத் தூக்கி வந்துவிடுகிறோம். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எத்தனை விற்பனையாளர்கள் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. வாங்குகிற நாமும் ‘சின்னதா இருந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்’ என்று அவசரப்படுகிறோம். ஒட்டும்தான், பல்லோடு சேர்த்து.

மணிக்கும் அதுதான் நடந்தது. கூடப்பிறந்ததுகள் செய்திருக்க வேண்டிய வேலையை இனி வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டும். கடித்ததும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால்தான் கீறல் விழும், அதற்கும் அது துரத்துகிற விளையாட்டாகிவிடும். கையை அசைக்காமல் நிறுத்துங்கள். விட்டதும் எழுந்து திரும்பி நின்றுகொள்ளுங்கள், ஒரு அரை நிமிடம். பேச்சு கிடையாது, பார்வை கிடையாது. அப்புறம் கடிக்க ஒரு பொருளைக் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். இதை வீட்டில் ஆறு பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டமே. ஒருத்தர் திரும்பி நிற்க, இன்னொருத்தர் விரலைக் காட்டி ‘கடி கடி’ என்று விளையாட்டுக் காட்டினால் குட்டி எதைக் கற்றுக்கொள்ளும்?

அடிப்பது வேலைக்கு ஆகாது. மூக்கில் அடி வாங்கும் குட்டி ‘கடிக்கக் கூடாது’ என்று கற்றுக்கொள்வதில்லை. ‘பக்கத்தில் கை வந்தால் ஆபத்து’ என்று கற்றுக்கொள்கிறது. அதுவே ஒரு வருஷம் கழித்து, சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் குழந்தை கை நீட்டினால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ரீல்ஸில் குட்டியை மல்லாக்கப் போட்டு அமுக்கி ‘நான்தான் ஆல்ஃபா’ என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஆல்ஃபா என்ற கருத்தைத் தன் 1970 புத்தகத்தால் பிரபலமாக்கிய ஆய்வாளர் டேவிட் மெக்கே பின்னாளில் அது சரியில்லை என்று எழுதிவிட்டார். நம்ம ஆட்களுக்குத்தான் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடிக்கக் கொடுக்க காசு செலவழிக்கத் தேவையில்லை. பழைய துண்டை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரீஸரில் வைத்துக் கொடுங்கள், ஈறுக்கு இதமாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த பெரிய கேரட்டை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். ரப்பர் பொம்மை வாங்கினால் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் பதியாத அளவுக்குக் கெட்டி என்றால் அது பல்லை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது, ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பும் வேண்டாம். நேற்று வாங்கிய செருப்புக்கும் அதற்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கடிக்கிறதா? பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. குட்டிகள் ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். திருவிழா வீட்டில் மணியை யார் தூங்கவிட்டார்கள்? ஒர்க் ஃப்ரம் ஹோமில் மீட்டிங் நடுவே காலைக் கடிக்கும் குட்டிக்கும் இதே நோய்தான். அமைதியான மூலையில் விட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் படுத்துவிடும்.

இரண்டு காலண்டர்

குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதம் ஆனதும் போடுவார்கள். அதன் பிறகு பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். அதாவது குட்டி அதிகமாகக் கடிக்கிற முதல் மாதங்களில் பெரும்பகுதிக்கு அதற்குப் பாதுகாப்பே இல்லை. அந்த நாட்களில் தெரு நாய்களோடு விளையாட விடக் கூடாது.

இந்த இடைவெளிக்கு வீட்டு மனிதர்கள் தரப்பில் ஒரு வழி இருக்கிறது, நம்ம ஊரில் யாரும் பேசுவதில்லை. கடி படுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி. அதைப் போட்டவர்களைப் பிறகு நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, முதல் நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டு தடவை ஊசி போதும். குட்டி வாங்க முடிவு செய்கிற வீடு, அதற்குப் பெல்ட்டும் கிண்ணமும் வாங்கும் முன் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. குறிப்பாக, ‘திட்டுவாங்க’ என்று கடியை மறைக்கிற வயதில் குழந்தை இருக்கிற வீடு.

மணிக்கு பத்து நாளும் ஒன்றும் ஆகவில்லை. சின்னவளுக்கு நான்கு ஊசியும் முடிந்தது. மூன்று மாதம் ஆன வாரத்தில் சித்தப்பாவே அதை பைக்கில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய் வந்தார்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கையில் அரிசி அளவுக்கு ஒரு பல். “அக்கா, மணிக்கு முதல் பல் விழுந்துடுச்சு. அப்பாயி ஓட்டு மேல தூக்கிப் போடச் சொல்றாங்க, போடவா?”