‘ஆயுள்’ என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டுகள்?

2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குப் புறப்பட்ட ஒரு பெண், அலுவலக வாகன ஓட்டுநராக வந்தவனால் கடத்தப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். குற்றம் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டுவிட்டது. அதில் ஐயமில்லை, இரக்கம் கோருவதும் இப்பதிவின் நோக்கமன்று. கேள்வி தண்டனையின் சொற்களைப் பற்றியது.

விசாரணை நீதிமன்றம் தூக்கு விதிக்கவில்லை. ‘எஞ்சிய வாழ்நாள் முழுதும்’ கடுங்காவல் என்று எழுதியது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. தண்டனைக் குறைப்புக்கு இடமின்றி அவ்வாறு விதிக்கும் அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கு இல்லை. 2023 மார்ச் 28 அன்று, சிவகுமார் எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், நீதிபதிகள் ஓகாவும் ராஜேஷ் பிந்தலும் அதைத் திருத்தினர். திருத்தம் என்ன? குறைப்பே இல்லாத 30 ஆண்டுகள்.

ஏன் 30? ஏன் 25 இல்லை, 35 இல்லை? குற்றத்தின் கொடுமையும் சமூகத்தின் நம்பிக்கையும் பேசப்பட்டன. எண்ணுக்கான அளவுகோல் மட்டும் பேசப்படவில்லை.

இந்த வகைத் தண்டனை பிறந்ததும் ஒரு பெங்களூர் வழக்கில்தான். மனைவியைக் கொன்று வீட்டு வளாகத்திலேயே புதைத்த சுவாமி சிரத்தானந்தாவைத் தூக்கிலிடத் தயங்கிய உச்ச நீதிமன்றம், 2008இல் அவருக்குச் சாகும்வரை சிறை என்றது. அது தூக்குக்கு மாற்று. 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் ஐவர் அமர்வு அதை ஏற்றபோதும், லலித், சப்ரே ஆகிய இரு நீதிபதிகள் மறுத்தனர். 2023இல் தூக்கே விதிக்கப்படாத வழக்குக்கும் அது நீண்டுவிட்டது. கயிற்றைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு, கயிறு இல்லாத இடத்திலும் கழுத்தை இறுக்குகிறது.

‘ஆயுள் என்றால் 14 ஆண்டு, வெளியே வந்துவிடுவான்’ என்பது மக்களிடையே உலவும் தவறான உரை. ஆயுள் என்றால் ஆயுளே என்று கோபால் கோட்சே வழக்கில் 1961லேயே சொல்லியாயிற்று. 14 ஆண்டு என்பது அரசு விடுதலையைப் பரிசீலிப்பதற்கான குறைந்தபட்ச வாசல். விடுதலைக்கான உரிமை அன்று.

அரசு அந்த வாசலைத் தவறாகத் திறந்தால்? பில்கிஸ் பானு வழக்கின் பதினொருவரை 2022இல் குஜராத் விடுவித்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதை ரத்துசெய்து அவர்களைச் சிறைக்குத் திருப்பி அனுப்பியது. தவறான விடுதலையைத் திருத்த வழி இருக்கிறது. அதற்காக வாசலையே முன்கூட்டிச் சுவர் வைத்து அடைக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் மொழியும் இதையே சொல்கிறது. 2013 திருத்தத்தில் சில வன்புணர்வுக் குற்றங்களுக்கு ‘எஞ்சிய இயற்கை ஆயுள்’ என்று நாடாளுமன்றம் வெளிப்படையாக விரித்தெழுதியது. கொலைக்கான 302ஆம் பிரிவில் எழுதவில்லை; அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவிலும் எழுதவில்லை. ஓரிடத்தில் சொல்லி மற்றோரிடத்தில் சொல்லாது விட்டதற்குப் பொருள் உண்டு.

முப்பதாண்டுக்குப் பின் அந்த மனிதன் யாராக இருப்பான் என்பதை 2023இல் எவரும் அறிய முடியாது. அறிய முடியாததை அன்றே தீர்த்துவைப்பது நீதியன்று, ஆரூடம். எண்ணை எழுதும் நீதிமன்றம், எண்ணுக்கான காரணத்தையும் எழுதட்டும்.