ஒட்டிய பெயரா, ஒப்பிய உறவா?

தோழரே! அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலின் கல்வெட்டுகளைப் பாரீர். ‘சுந்தர சோழபாண்டியன்’ என்றொரு பெயர் காண்பீர். சோழமும் பாண்டியமும் மனமொப்பிக் கைகோத்த உறவோ? அன்று! தென்னாட்டை வென்ற இராசேந்திர சோழன், தன் மகனை ஆளவைத்துச் சூட்டிய பெயர்! பொருநைக் கரையைக் கேட்டா சூட்டினான்? விளைவு? 13ஆம் நூற்றாண்டில் பாண்டியன் படையெடுத்தான், தஞ்சை எரிந்தது!

போலந்தை நோக்குவீர். 1386இல் அரசி யாத்விகா லித்துவேனியக் கோமான் யகைலோவை மணந்தாள். 1569இல் லூப்ளின் உடன்படிக்கை. மன்னன் ஒருவன், மன்றம் ஒன்று. அங்கும் வலியவன் கை ஓங்கியதுண்டு. ஆயினும் கருவூலமும் படையும் சட்டமும் லித்துவேனியாவிடமே இருந்தன. அவ்வுறவு 1795 வரை, 226 ஆண்டுகள் நின்றது!

மாநில உரிமையைப் பறித்துக்கொண்டே ஒருமைப்பாடு பேசுவோரிடம் உரைப்பீர்: பெயரை ஒட்டலாம், உள்ளத்தைக் கேட்டே பெறவேண்டும்!