தராசு யார் கையில்?

ஊட்டி ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதிப் பேர் மலையைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்க்கிறார்கள்.

‘எவ்ளோ ஆச்சு?’

‘எட்டாயிரம். மீதி ரெண்டாயிரத்தை சாயங்காலம் முடிச்சுடுவேன்.’

வட்டி கட்டுகிறவர் குரல் மாதிரியே இருக்கிறது.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-ல் ஜப்பான் கடிகாரக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் ‘மான்போ-கெய்’. அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே வேதமாகிவிட்டது. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை.

அதற்காக எண்ணுவதே தப்பு என்று சொல்லவரவில்லை. அடி எண்ணும் கருவி பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. கருவி கட்டியவர்கள் தினமும் இரண்டாயிரம் அடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்கள். எழுதிவைத்தால் முன்னேறலாம். அது உண்மை.

ஆனால் எண் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. தொட்டபெட்டாவில் மூச்சு வாங்க ஏறுவதும் ஏரிக்கரையில் வேர்க்கடலை கொறித்தபடி உலாத்துவதும் அடிக்கணக்கில் ஒன்றுதான். நீங்கள் உங்களுக்காக எண்ணும்போது இதில் நஷ்டமில்லை. ‘இன்னிக்கு ஏத்தம், கம்மியா நடந்தா போதும்’ என்று உங்களுக்கே தெரியும்.

அதே எண்ணை இன்னொருவர் எண்ணி, அதன்மேல் உங்கள் சோற்றை வைத்தால்?

ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் வழியில் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். முதுகில் மூட்டையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற பெண் எத்தனை அடி நடந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘எத்தனை கிலோ?’ குறிப்பிட்ட எடைக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. தராசு சூப்பர்வைசர் பக்கம். நோட்டும் அவர் பக்கம். மழை நாளில் இலையில் ஈரம் என்று எடையில் கழிப்பார்கள். நனைந்த உடம்புக்கு மட்டும் கழிவும் கிடையாது, கூடுதலும் கிடையாது.

சரி, முதலாளிக்காவது லாபமா? நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும். தராசுக்கு மொட்டும் தெரியாது, முற்றிய இலையும் தெரியாது. கிலோவுக்குத்தான் காசு என்றால் கை எதைப் பறிக்கும்? கத்திரி போட்டு வெட்டினால் கிலோ ஏறும், தரம் இறங்கும். எதைப் போட்டாலும் சோவியத் யூனியன் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது உறைக்கவில்லை. 1990-களின் இறுதியில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தபோது, ‘இலை தரமில்லை’ என்று அவர்களுக்கே பாடம் நடத்தினார்கள். எடைக்கு மட்டும் காசு கொடுத்துப் பழக்கியது யார்? அதை யாரும் கேட்கவில்லை.

விற்பனைத் தொழிலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்டச் சொல்லி ஊழியர்களை விரட்டியது. அவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் வேலை இழந்தவர்கள் சுமார் 5,300 பேர். எண்ணை எட்டு என்று நிர்ணயித்த மேலிடம் அப்போதும் கீழே இருந்தவர்களைத்தான் கைகாட்டியது.

நம்மூர் மெடிக்கல் ரெப்பைக் கேளுங்கள். தினம் இத்தனை டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், பார்க்காத டாக்டரும் ரிப்போர்ட்டில் ஏறிவிடுவார். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்டம் போட்ட தாள்தான்.

அதனால் எண்ணுங்கள், தாராளமாக எண்ணுங்கள். உங்கள் நோட்டில், உங்கள் கையெழுத்தில். இன்று எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், ஏன் என்றார்கள். மூன்றாவதுதான் முக்கியம். அதை எந்தக் கருவியும் எண்ணாது.

கிலோ கேட்கிற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தராசின் முள்ளைப் பறித்தவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள். நல்ல கொழுந்துக்குத் தனி விலை கொடுங்கள். அதற்கு மனசில்லை என்றால், தரம் போச்சே என்று மேடை போட்டு அழாதீர்கள். நீங்கள் கேட்டது கிலோ. கிடைத்ததும் கிலோதான்.