ரிப்பன் பூ தைக்கலாமா?

கேள்வி: பட்டு ரிப்பனால் நிஜப் பூவைப் போலவே தைக்கப் பழகியுள்ளேன். "உருவம் செய்வது கூடாதே, இது மட்டும் ஆகுமா?" என்று மாமி கேட்கிறார். – ஒரு சகோதரி, யாழ்ப்பாணம்.

பதில்: தாராளமாகத் தைக்கலாம், சகோதரி. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தார். அதற்குரிய எச்சரிக்கையைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிப் போயிற்று. மரங்களையும் ரூஹ் இல்லாதவற்றையும் செய்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவருக்கு வழிகாட்டினார்கள் (புகாரி). பூவும் அவ்வகையே. தத்ரூபமாக இருப்பதால் தடை வந்துவிடாது. பூவின்மேல் கிளியையோ வண்ணத்துப்பூச்சியையோ மட்டும் சேர்க்காதீர்கள்.

பட்டு பெண்களுக்கு ஆகுமானது. ஆண்களின் உடையில் நான்கு விரல் அகலத்தை மீறக்கூடாது (முஸ்லிம்). கடையில் 'சாட்டின்' என்று விற்பதில் பெரும்பாலானது பட்டல்ல, பொலியெஸ்டர். நுனியைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாடை தரும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

நிஜம்போல வர, முற்றத்துச் செவ்வரத்தையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ், ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் படிந்திருக்கும். ரிப்பனைத் துணியில் படியவைத்து, இதழின் நுனி வரவேண்டிய இடத்தில் ரிப்பனின் நடுவாலேயே ஊசியை இறக்குங்கள். மெல்ல இழுத்து, ஓரங்கள் சுருளும்போது நிறுத்துங்கள். இறுக்கினால் இதழ் கயிறாகிவிடும்.

இப்படி உற்றுப் பார்த்துத் தைப்பவருக்கு அல்லாஹ்வின் படைப்பு நுட்பமும் விளங்கும். முதல் தலையணை உறையை மாமிக்கே கொடுங்கள்.