எஞ்சின் முழங்கியும் சக்கரம் சுழலாதது ஏன்?

இறக்கக்கண்டியிலிருந்து ஓர் அன்பர் வினவுகிறார்: "பெரும்போக விதைப்பு நெருங்கிவிட்டது. எமது லாண்ட்மாஸ்டரின் எஞ்சின் முழங்குகிறது. சேற்றில் இறக்கியதும் சக்கரம் நின்றுவிடுகிறது. கியர்ப் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டுமா?"

அவசரப்பட வேண்டா. பெட்டியைப் பிரித்தால் இயந்திரம் பட்டறையில் கிடக்கும். வயலின் ஈரமோ காத்திராது.

பிரித்தானியாவில் ஆக்கப்பெற்ற லாண்ட்மாஸ்டரின் பெயரே இலங்கையில் இருசக்கர உழவு இயந்திரம் எதற்கும் வழங்கலாயிற்று. பெயர் எதுவாயினும், பெரும்பாலானவற்றில் விசை செல்லும் வழி ஒன்றே: எஞ்சின், பெல்ட், கிளச், கியர்ப் பெட்டி, இடவலம் திருப்பும் கிளச், சக்கரம். அவ்வழியே முறையாகச் சோதித்து வருக.

எஞ்சினை நிறுத்தியபின் பெல்ட்டின் நடுவே விரலால் அழுத்துக. 2 அல்லது 3 சென்டிமீற்றருக்கு மேல் தாழ்ந்தால் தளர்ந்துவிட்டது. பக்கங்கள் பளபளத்தால் வழுக்குகிறது. மாற்றுவதாயின் எல்லாப் பெல்ட்டுகளையும் ஒருங்கே மாற்றுக.

பெல்ட் செவ்வையாயின் கிளச்சை நோக்குக. கடற்காற்றில் அதன் கம்பி துருவேறி இறுகினால் கிளச் முழுமையாகப் பற்றாது. தட்டுகள் தேய்ந்தாலும் அவ்வாறே.

ஒரு சக்கரம் மாத்திரம் நின்றால், அப்பக்கத்துத் திருப்பு கிளச்சின் பிடி இறுகியிருத்தல் கூடும், சிறிது தளர்த்துக.

கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது; எண்ணெயை மாற்றி, நீர் புகுந்த வழியை அடைக்க வேண்டும். ஒரு கியரில் மாத்திரம் இரைச்சல் எழுந்தால் அதன் பற்சக்கரமும், எல்லாவற்றிலும் எழுந்தால் பெயாரிங்கும் ஐயத்துக்குரியன. அவ்விரைச்சலோ, வடித்த எண்ணெயில் உலோகத் துகளோ காணப்படாதவரை, பெட்டியைப் பிரிக்க உடன்பட வேண்டா.