புல்லா, ஜல்லியா?

மோட்டார்ஹோமைப் புல்தரையில் நிறுத்துவதுதான் சுகம்னு அடம்பிடிக்கிற மகாஜனங்களே, ஒருதடவை ஜூலை மாசம் புனே பக்கம் வாங்க.

போன வருஷம் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம். பண்ணைக்காரர் காட்டின பச்சைப் புல்லைப் பார்த்ததும் தங்கமணி உருகிட்டாங்க (நானும்தான்). ராத்திரி பூரா மழை. காலையில பார்த்தா பின்சக்கரம் பாதி மண்ணுக்குள்ள. டிராக்டர் இழுத்தப்ப வண்டியோட அவர் புல்லும் வேரோட வந்துடுச்சு. நமக்குப் போனது ஒரு நாள். அவருக்கு?

இது கரிசல் மண் சாமி. நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். 3,500 கிலோ வண்டி நாலு சக்கரத்துல நின்னா, சக்கரத்துக்குச் சராசரி 875 கிலோ. பாவம், புல்லு என்ன பண்ணும்?

அதுக்காக சிமெண்ட் ஊத்தச் சொல்லலை. மேல்மண்ணை எடுத்துட்டு, கிராவலும் ஜல்லியும் போட்டு இறுக்கி, தண்ணி வடிய வாட்டம் வெச்சாப் போதும். மகாராஷ்டிரம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை போட்டாச்சு. வண்டி ஏறி நிக்கிற தரையைத்தான் நாம யாரும் கேட்கறதில்லை.

இனிமே இடம் பிடிக்கிறப்ப 'வியூ எப்படி'ன்னு கேட்காதீங்க. 'தரை என்ன'ன்னு கேளுங்க. புல்லு, நாற்காலி போட்டு டீ குடிக்க. சக்கரத்துக்கு ஜல்லிதான்.