மருந்து முதலில் தாயாட்டுக்கு!

குட்டி மெலிந்தால் குட்டிக்கு மருந்து ஊற்றுவதே நம்மில் பலருக்கு வழக்கம். தாயாட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இது தலைகீழ் வைத்தியம்.

செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணுக்கே உரியது சென்னைச் சிவப்புச் செம்மறி. தொழிற்சாலைகள் பெருகி மேய்ச்சல் நிலம் குறைந்துவிட்டதால், மந்தைகள் ஏரிக்கரை ஈரப் புல்லையே மீண்டும் மீண்டும் மேய்கின்றன. புழுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழுதான் பெரிய எதிரி. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போலிருக்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். நல்ல நாளில் தாயாட்டின் இரத்த வெள்ளணுக்கள் புழுவை அடக்கி வைக்கின்றன. ஈனும் காலம் நெருங்கியதும் சினை ஹார்மோன், பால் சுரக்கும் ஹார்மோன் ஆகியவற்றின் அளவு மாறுகிறது. உடம்பிலுள்ள புரதமும் பாலுக்குப் போய்விடுகிறது. வெள்ளணுக்கள் சுணங்குகின்றன, அடங்கியிருந்த புழு முட்டையிட்டுத் தள்ளுகிறது. ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கி, ஈன்ற பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை இந்த நிலை நீடிக்கும். குட்டி புல் கடிக்கப் பழகுவதும் அப்போதுதான். தாய் போட்ட புழுக்கையிலிருந்து வந்த புழுவைக் குட்டி தின்கிறது. திருஷ்டி கழித்து என்ன பயன்?

கிடாவும் இதில் சேர்த்திதான். ஆண் ஹார்மோன் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், காயடித்த கிடாவையும் பெட்டையையும் விடக் காயடிக்காத கிடாவிடம் புழு முட்டை அதிகம் காணப்படுகிறது.

ஆகவே ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, சினையாட்டுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை எடைக்கேற்பக் கொடுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் மட்டும் வேண்டாம். மருந்தோடு கடலைப் பிண்ணாக்கு, அகத்தி, வேலிமசால் என்று புரதத் தீனியும் சேர வேண்டும். இது இல்லாமல் மருந்து மட்டும் ஊற்றுவது அரை வேலை.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் ஊற்றும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். மருந்துக்கு மசியாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள்; வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தாலோ அந்த ஆட்டுக்குக் கொடுங்கள். நல்ல சிவப்பாக உள்ள சினையில்லா ஆட்டை விட்டுவிடலாம்.

செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு. கிடா சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 150-ஆம் நாள் ஆடு ஈனும். 130-ஆம் நாள் மருந்துக்கு உரிய நாள்.